ஏழு என்று பொறித்திருக்கும் ஆறு

கோல்ஃப் கேள்வி–பதில். இந்த இதழில்: புது அயர்ன் செட், அதாவது எண் போட்ட இரும்புத் தலை மட்டைகளின் தொகுப்பு. பதில் எழுதுபவர் நந்தனம் மைதானத்தில் கேடியாக (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவராக) தொடங்கியவர். இப்போது சைதாப்பேட்டையில் கோல்ஃப் மட்டைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார்.

போன மாதம் ஒரு கடையில் புது அயர்ன் செட்டை அடித்துப் பார்த்தேன். என் பழைய ஏழாம் நம்பரில் 135 யார்டு போகும். புது ஏழில் கடைத் திரை 155 காட்டியது. விலை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. நம்பி வாங்கலாமா? வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?
– வாசகர், அண்ணா நகர்

ஒரே நாளில் இருபது யார்டு கூடிவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, மட்டையின் லாஃப்ட் எத்தனை என்றுதான். மட்டையின் முகம் பின்பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கணக்கு அது. நிமிர்த்தினால் பந்து தாழ்வாகப் பறந்து தூரம் போகும். சாய்த்தால் உயர எழும்பிக் கிட்டத்தில் விழும். மட்டையின் எண் கூடக்கூட இந்தச் சாய்வும் கூடும்.

டைட்லிஸ்ட் டி100 செட்டில் ஏழாம் நம்பரின் லாஃப்ட் 34 டிகிரி. பிங் ஜி430 செட்டில் அதே ஏழுக்கு 29 டிகிரி. பழைய கணக்கில் 30 டிகிரி என்றால் அது ஆறாம் நம்பர். கடையில் நீங்கள் அடித்தது அநேகமாக ஓர் ஆறு; அதன் அடியில் ஏழு என்று பொறித்துவிட்டார்கள். இதில் விதிமீறல் ஏதும் இல்லை. எந்த எண்ணுக்கு எத்தனை டிகிரி என்று விதிப் புத்தகம் எங்கும் சொல்வதில்லை.

உடனே ஏமாற்று வேலை என்று எண்ணிவிட வேண்டாம். புது மட்டைகளில் எடையைக் கீழேயும் பின்னாலும் தள்ளி வைக்கிறார்கள். முகத் தகடும் மெல்லியது. அதனால் பந்து தானாகவே உயரமாகக் கிளம்புகிறது. அப்படிக் கிளம்புவதை அடக்க லாஃப்டைக் குறைக்கிறார்கள். நல்ல பொறியியல்தான். ஆனால் தூரத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். புது ஏழைப் பழைய ஆறோடு ஒப்பிடுங்கள். உயரமும் தூரமும் பழைய ஆறைவிட நன்றாக இருந்தால் அந்த மட்டைக்குக் காசு கொடுக்கலாம். இரண்டும் ஒன்றுபோல இருந்தால், உங்கள் பையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை லட்ச ரூபாய்க்கு மறுபடி வாங்குகிறீர்கள்.

கடைத் திரையில் இன்னொரு சிக்கல். கடையில் விரித்திருப்பது பாய். பந்துக்குப் பின்னால் இரண்டு அங்குலம் தள்ளித் தரையில் அடித்தாலும் மட்டை பாய்மேல் வழுக்கிப் போய்ப் பந்தைத் தட்டிவிடும்; திரையும் பெருந்தன்மையாக 150 என்று காட்டும். மைதானத்தில் அதே அடி ஒரு கைப்பிடி மண்ணைப் பெயர்த்துவிட்டு எண்பது யார்டில் நிற்கும். ஆகவே கடையில் எடுத்த எண்களை ஒரு முன்னோட்டமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மாதிரி மட்டை தருவார்களா என்று கேளுங்கள். சோதனை புல்லில்தான் நடக்க வேண்டும்.

எப்படி என்பதை என் கதையை வைத்தே சொல்கிறேன். போன ஜனவரியில் எனக்கென்று ஒரு புது செட் எடுத்தேன். (வீட்டில் "புது அயர்ன் செட் வந்திருக்கிறது" என்றதும் என் அம்மா, தெருமுனையில் துணி தேய்ப்பவருக்குப் போட்டியாகக் கடை போடப்போகிறாயா என்று கேட்டாள்.) காலை ஆறரை மணி, காற்று இல்லை. ஒரே வகைப் பந்து பத்து, எல்லாம் புதியவை. பயிற்சித் திடலில் வாளியில் தரும் பந்துகள் இந்த வேலைக்கு உதவாது. தேய்ந்துபோன குழிகளோடு அவை ஒவ்வொன்றும் ஒரு தூரம் போகும்.

பழைய ஏழில் ஓர் அடி, புது ஏழில் ஓர் அடி என்று மாற்றி மாற்றி அடித்தேன். இதை விடாமல் செய்ய வேண்டும். ஒரே மட்டையில் வரிசையாக அடித்தால் ஐந்தாவது அடிக்குள் உடம்பு அந்த மட்டைக்குப் பழகிவிடும். அப்புறம் சோதிப்பது உங்கள் உடம்பை. எனக்குத் தெரிந்த கேடித் தம்பி ஒருவன் கிரீன் (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கம் நின்று, பந்து முதலில் விழும் இடத்தில் ஒவ்வொரு டீ (பந்தைத் தாங்கும் சிறு முளை) குத்தி வைத்தான். உருண்டு போன தூரம் கணக்கில்லை, விழுந்த இடம் மட்டுமே கணக்கு. இப்படி ஒருவரை நிறுத்தினால் அவருக்குத் தனியாகக் காசு கொடுங்கள். வெயிலில் நின்று குறி வைப்பது பை சுமப்பதைவிடக் கடினமான வேலை; நான் செய்திருக்கிறேன்.

பழைய ஏழு: 138, 141, 129, 140, 137. சராசரி 137.

புது ஏழு: 152, 131, 149, 154, 128. சராசரி 142.8.

கடைக்காரர் 154ஐக் காட்டுவார். நான் 128ஐப் பார்த்தேன். பழைய மட்டையில் நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் இடையே 12 யார்டு. புது மட்டையில் 26. கிரீன் ஒன்றின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை நடந்து பாருங்கள், 26 யார்டு என்றால் என்னவென்று புரியும். ஒரு பந்து முன்னால் இருக்கும் மணலில், அடுத்தது பின்னால் இருக்கும் புதரில். ஆறு யார்டு சராசரிக்காக யார் இதை விலைக்கு வாங்குவார்கள்?

மோசமான அடிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, "அது மட்டையின் குற்றம் இல்லை, நான் சரியாக அடிக்கவில்லை" என்று சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. சோதனை நாளில் அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அந்த அடிகளும் அட்டையில் ஏறத்தான் போகின்றன. மட்டை வேண்டியிருப்பதே அவற்றைத் தாங்கத்தான்.

சரி, 26 ஏன் வந்தது? பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரை வாங்கி மட்டையின் முகம் முழுக்கப் பூசினேன். பந்து பட்ட இடத்தில் மை அழிந்துபோகும். மறுபடி அடித்த ஐந்தில் மூன்று, முனைப் பக்கம் (தண்டுக்கு எதிர்ப்பக்கம்) பட்டிருந்தது. நடுவில் பட்டவை 150ஐத் தொட்டன, முனையில் பட்டவை செத்துப்போயின. அளவுநாடாவை வைத்துப் பார்த்தால், புது மட்டை என் பழையதைவிட அரை அங்குலம் நீளம். தண்டும் கிராஃபைட், எடை குறைவு. நீளமும் லேசும் சேர்ந்தால் வேகம் கிடைக்கும், குறி தவறும்.

பட்டறை நம்முடையது என்பதால் அரை அங்குலம் வெட்டினேன். வெட்டினால் தலை லேசாகிவிட்டதுபோலத் தோன்றும்; அரை அங்குலத்துக்கு ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) ஏறக்குறைய மூன்று புள்ளி இறங்கும். ஒரு புள்ளியைத் திரும்ப ஏற்றத் தலையில் இரண்டு கிராம் கூட்ட வேண்டும். ஆறு கிராம் ஈயப் பட்டியை முதுகில் ஒட்டினேன். பார்க்கக் கண்றாவிதான். மறுவாரம் அதே நேரம், அதே பந்து: 145, 148, 134, 146, 140. சராசரி 142.6, ஏறக்குறைய வெட்டுவதற்கு முன் வந்த சராசரியேதான். இடைவெளி மட்டும் 14 ஆகிவிட்டது. அந்த செட்டை வைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பந்து கிரீனில் நிற்கிறதா? பந்தின் பறப்பை அளக்கும் டிராக்மேன் கருவியை வைத்து முன்பு வெளியிட்ட ஒரு கணக்குப்படி, பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகள்) ஆட்டக்காரர் ஏழில் சராசரியாக 172 யார்டு அடிக்கும்போது பந்து 50 டிகிரிச் சரிவில் இறங்குகிறது. நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஓட்டில் விழுந்த மாங்காய்போலப் பொத்தென்று விழுந்து அங்கேயே கிடக்கும். நம் வேகத்துக்கு 45 டிகிரி வந்தால் போதும். கடைக் கருவியில் அந்த எண்ணும் இருக்கிறது, காட்டச் சொல்லுங்கள். கருவி இல்லாவிட்டால், கிரீனில் பந்து விழுந்த தழும்பிலிருந்து பந்து நிற்கும் இடம் வரை எட்டு வைத்துப் பாருங்கள். பழைய மட்டையில் மூன்று எட்டு, புதியதில் பத்து எட்டு என்றால், கூடுதல் தூரத்தைக் கிரீனுக்குப் பின்னால் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் பிட்சிங் வெட்ஜின் (கிட்டத்து அடிகளுக்கான, அதிகம் சாய்ந்த மட்டை) லாஃப்டையும் கேட்டுவிடுங்கள். ஏழை நிமிர்த்தினால் மற்றதெல்லாம் கூடவே நிமிரும். நான் சொன்ன ஜி430 செட்டில் பிட்சிங் வெட்ஜ் 41 டிகிரி. உங்களிடம் இருக்கும் அடுத்த வெட்ஜ் 52 என்றால் நடுவே பெரிய ஓட்டை. நூறு யார்டு சுற்றுவட்டாரத்தில் எந்த மட்டையை எடுப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள். அங்கேதான் இன்னொரு மட்டை விற்பார்கள்.

வெயிலில் பந்து கூடுதலாகப் போகும் என்கிறார்கள். சென்னையின் ஈரக்காற்று கனமானது, பந்தைப் பிடித்து இழுக்கும் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை? மதியம் சோதித்தால் கணக்கு தவறுமா?
– வாசகர், திருவான்மியூர்

முதலாவது உண்மை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, பந்துக்குத் தடையும் குறைவு. இரண்டாவது நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கும் பொய். நீராவி, அது இடம்பிடிக்கும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட லேசானது. ஆகவே ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட ஒரு துளி இலகுதான். பந்தின் தூரத்தில் அதனால் வரும் மாற்றம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஈரம் கெடுப்பது பிடியை. வியர்வையில் கிரிப் நழுவுகிறது, நீங்கள் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், தோள் கட்டிக்கொள்கிறது, பந்து வலப்பக்கம் போகிறது, பழி காற்றின்மேல். இரண்டு கையுறை கொண்டுபோய் மாற்றி மாற்றிப் போடுங்கள். கிரிப்பை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

மதியச் சோதனை வேண்டாம் என்பதற்கு வேறு காரணம் உண்டு. கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பிவிடும். பத்து அடி அடிப்பதற்குள் காற்று மூன்று முறை மாறும். திருவான்மியூர்க்காரருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. நவம்பர் மழை மாதத்திலும் தள்ளிப்போடுங்கள். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் சுழற்சி குறைந்து பந்து தறிகெட்டு ஓடும். ஊட்டிக்குப் போனால் அங்கே அடித்த தூரத்தைக் குறித்துக்கொண்டு வராதீர்கள். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். இங்கே ஏழு எடுக்கும் இடத்தில் அங்கே எட்டு எடுத்தால் போதும். ஊட்டியில் அடித்துப் பார்த்த மகிழ்ச்சியில் செட் வாங்கிவிட்டு மெட்ராஸில் வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

என் கணவரின் பழைய அயர்ன் செட்டைத்தான் நான் ஆடுகிறேன். என் உயரம் ஐந்தடி ஒன்று. பந்து எப்போதும் இடப்பக்கமே போகிறது. பயிற்சியாளர் என் கை வீச்சைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். மட்டையில் கோளாறு இருக்க முடியுமா?
– வாசகி, மயிலாப்பூர்

இருக்க முடியும் அம்மா. பயிற்சியாளரை இரண்டு வாரம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

மட்டை தரையில் உட்காரும்போது தண்டுக்கும் தரைக்கும் உள்ள கோணத்தை லை என்போம். உயரமானவருக்கான நீண்ட மட்டையை நீங்கள் எடுத்தால் உங்கள் கை தாழ்ந்துவிடும், மட்டையின் முனை தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும். முனை தூக்கினால், வலக்கை ஆட்டக்காரருக்கு முகம் இடப்பக்கம் பார்க்கும். நீங்கள் எவ்வளவு அழகாக அடித்தாலும் பந்து இடப்பக்கம்தான் போகும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பந்தில் அதே வெள்ளைப் பலகை மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு இழுங்கள். கோடு மட்டையைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். முகத்தில் கோடு அச்சாகும். நேராக நின்றால் லை சரி. கோட்டின் தலை மட்டையின் முனைப் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை உங்களுக்கு அதிகம் நிமிர்ந்திருக்கிறது. தண்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் எதிர்க்கோளாறு. இன்னொரு துப்பும் உண்டு: லாஃப்ட் கூடக்கூட இந்தக் கோளாறு பெரிதாகத் தெரியும். ஒன்பதாம் நம்பரில் பந்து நிறைய இடப்பக்கம் போய், ஐந்தில் கொஞ்சமாகப் போனால் குற்றவாளி லை. எல்லாவற்றிலும் ஒன்றுபோலப் போனால் பயிற்சியாளரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது பிங் ஐ2 மட்டைகளின் தலையில் வண்ணப் பொட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கறுப்பு, சிவப்பு, நீலம். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்றே கேடிப் பையன்கள் எல்லோரும் நினைத்தோம். அந்த மட்டைகள் 1982இல் வந்தவை. உருவாக்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர். கறுப்புப் பொட்டு நடுநிலை லை, நீலம் நிமிர்ந்தது, சிவப்பு படிந்தது. ஆளுக்கேற்ற பொட்டு. இது எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது.

உங்கள் செட் வார்ப்பு எஃகாக இருந்தால் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வளைக்க யாரையும் விடாதீர்கள், கழுத்து ஒடியும். அடித்து உருவாக்கிய மென் எஃகு என்றால் தாராளமாக வளையும். முதலில் நீளத்தைக் குறைத்துப் பார்ப்பது நல்லது. கணவரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

வயது 63. எஃகுத் தண்டிலிருந்து கிராஃபைட்டுக்கு மாறினால் மானக்கேடா?
– வாசகர், கே.கே. நகர்

டைனமிக் கோல்டு எஸ்300 எஃகுத் தண்டு ஒன்று 130 கிராம். கிராஃபைட்டில் அதில் பாதி எடைக்கே கிடைக்கிறது. பதினெட்டு குழி முடிந்து முழங்கை வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்பவர் நீங்கள் என்றால் மானம் எங்கே இருக்கிறது? மாறுங்கள். ஆனால் பதினான்காவது குழிக்குப் பிறகு சோதியுங்கள். காலை முதல் பத்து அடியில் எல்லோருக்கும் எஃகு இனிக்கும்.

போட்டி ஆட்டத்தில் பழைய ஏழு, புது ஏழு இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு ஒப்பிடலாமா?
– வாசகர், வேளச்சேரி

மொத்தம் 14 மட்டைக்குள் அடங்கினால் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே எண்ணில் இரண்டு இருக்கக் கூடாது என்று விதி இல்லை. பதினைந்தாவதாகப் போனால், ஸ்ட்ரோக் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) மீறிய ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி தண்டம், ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு. கிளம்பும் முன் உங்கள் கேடியை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் எண்ணுவோம். கேட்காமல் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை.

புது செட்டைக் காரின் டிக்கியிலேயே வைத்திருக்கலாமா? கடற்கரைப் பக்கம் வீடு, துருப்பிடிக்குமா?
– வாசகர், பெசன்ட் நகர்

டிக்கி வேண்டாம். கழுத்துக்குள் தலையையும் தண்டையும் பிடித்திருப்பது வெறும் பசை. வருடக்கணக்கில் வெந்தால் தளரும். கத்திரி வெயில் முடிந்ததும் தலை கழன்ற மட்டைகள் என் பட்டறைக்கு வந்துவிடும். குரோம் பூச்சு இருக்கும் வரை துரு பயமில்லை. பூச்சு பெயர்ந்த இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

புது செட் வாங்கிவிட்டேன். பழைய அயர்ன்களை என்ன செய்வது? பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில்தான் கேட்கிறார்கள்.
– வாசகர், நுங்கம்பாக்கம்

ஆறு மாதம் கட்டிலுக்கடியில் வையுங்கள். புது மட்டையோடு முதல் சண்டை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது கையில் வேண்டும். அப்புறமும் தேவைப்படவில்லை என்றால், எடைக்குப் போடாமல் உங்கள் பையைச் சுமக்கும் பையனிடம் கொடுங்கள்.

திங்கட்கிழமைகளில் கேடிகளான எங்களை ஆட விடுவார்கள். எனக்குப் பதினான்கு வயதில் ஒரு டாக்டர் தன் பழைய ஏழாம் நம்பரைக் கொடுத்தார். என் உயரத்துக்குத் தண்டை ரம்பத்தால் அறுத்து, வெட்டிய முனையில் சைக்கிள் டியூபைச் சுற்றி, அந்த ஒரே மட்டையில் நான்கு வருடம் எல்லாக் குழியும் ஆடினேன். அது இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. போன வருடம் ரிச்சி தெருவில் வாங்கிய கோணமானியை வைத்து அதன் லாஃப்டை அளந்தேன். 38 டிகிரி. இன்றைக்கு அதை ஒன்பது என்று பொறித்து விற்பார்கள்.